ஷவர் சுவரில் டைல்ஸ் ஒட்டுமுன்: பெயர்ந்த பூச்சைச் சரிசெய்வது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷவர் இருக்கும் மூலையில் பூச்சு உப்பி, கை வைத்தால் பொடியாக உதிர்கிறது. அதன் மேல் புதிதாக டைல்ஸ் ஒட்ட வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டைல்ஸை எப்படி வரிசை பிடித்து ஒட்டுவது என்பதை இதில் தேடாதீர்கள். அதற்கு முந்தைய வேலை மட்டும்தான் இது. ஒட்டுவது இரண்டு நாள் வேலை. சுவரைத் தயார்செய்வதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

பூச்சு அங்கங்கே பெயர்ந்திருக்கிறது. எப்படியும் டைல்ஸ் மூடிவிடுமே, அப்படியே ஒட்டினால் என்ன?

மூடும், கொஞ்ச நாளைக்கு.

என் வீட்டில் ஷவர் குழாய்க்குக் கீழே இரண்டு சாண் அகலத்துக்குப் பூச்சு உப்பியிருந்தது. உதிர்ந்ததை மட்டும் சுரண்டிவிட்டு, மீதமிருந்த புட்டியை அப்பி, பசை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கி ஒட்டினேன். ஒன்றேகால் வருடத்தில் கீழிருந்து இரண்டாவது வரிசையில் நான்கு டைல்ஸ் வயிறு தள்ளி நின்றன. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் நான்கும் ஒரே பாளமாகக் கையோடு வந்துவிட்டன. பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். டைல்ஸின் முதுகில் பசை, கரண்டியின் பல் இழுத்த கோடு கோடாக, கல்லைப்போல இருந்தது. அதன்மேல் புட்டி. புட்டியோடு சேர்ந்து விரல் தடிமனுக்குப் பழைய பூச்சு, ஈர மண்ணைப்போல. பசை தன் பிடியை விடவே இல்லை. அது பிடித்துக்கொண்டிருந்த பூச்சுதான் செங்கல்லை விட்டு வந்திருக்கிறது.

டைல்ஸும் பசையும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 20 முதல் 30 கிலோ வரை வரும். தன் எடையையே தாங்க முடியாமல் உதிரும் பூச்சில் அதையும் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று நானே அனுபவித்துப் பார்த்துவிட்டேன்.

எந்த இடம் கெட்டது, எந்த இடம் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குக் கண்ணைவிடக் காது நன்றாக உதவும். சின்னச் சுத்தியலோ, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியோ போதும். சாணுக்கு ஒரு தட்டு என்று மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் 'டக்' என்று கெட்டியான சத்தம் வரும். தட்டிய கையில் அதிர்வும் தெரியும். செங்கல்லை விட்டு விலகியிருந்தால் 'டொப்' என்று உள்ளே காலியாக இருக்கும் சத்தம். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். முடித்துவிட்டு நான்கடி பின்னால் வந்து பார்த்தால் சுவரில் தீவு தீவாக ஒரு வரைபடம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிட அது பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

தட்டும்போது நல்ல சத்தம் வந்த இடத்திலும் இன்னும் இரண்டு சோதனை செய்யுங்கள். ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கோடு மட்டும் விழுந்தால் சரி. மணல் கொட்டினால் அந்தப் பூச்சில் உயிர் இல்லை. அடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பசை பிடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் மேலே எண்ணெய்ப் பிசுக்கோ, பெயின்ட்டோ, சோப்புப் படலமோ இருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு கெட்டிருந்தால் முழுச் சுவரையும் கொத்திவிட வேண்டும்?

இதற்கு எழுதிவைத்த கணக்கு எதுவும் கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன்: ஷவர் நனைக்கும் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாக்பீஸ் கோட்டுக்குள் வந்துவிட்டால் மொத்தமாகக் கொத்திவிடுவேன். ஒட்டுப்போட்ட சுவரில் பழசும் புதுசும் சந்திக்கும் ஓரங்கள்தான் பலவீனம். ஓரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தொல்லை. அதோடு, ஐந்தாறு தீவுகளைத் தனித்தனியாகச் சதுரம் வெட்டிப் பூசி மட்டம் சேர்ப்பதற்குள் ஒரு சுவரையே பூசிவிடலாம்.

ஷவரிலிருந்து தள்ளியிருக்கும், தண்ணீர் படாத பகுதியில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டாம்.

சுவர் ஈரமாகவே இருக்கிறது. காயவைத்துவிட்டுப் பூசினால் போதுமா?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசாதீர்கள். காயும், மறுபடி ஈரமாகும்.

தரையை ஒட்டித் தொடங்கி ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக ஓதம் ஏறியிருந்தால் அது அடியிலிருந்து மேலே வருவது. குழாய் போகும் பாதையை ஒட்டி மட்டும் ஈரம் என்றால் உள்ளே இணைப்பு கசிகிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. மீட்டர் நிற்கிறது, ஆனால் ஷவரைப் பயன்படுத்தும் நாட்களில் மட்டும் ஈரம் கூடுகிறது என்றால், ஷவருக்கு ஏறும் குழாயையோ தரை வடிகாலின் ஓரத்தையோ சந்தேகியுங்கள். இரும்புக் குழாய் புதைத்த சுவரில் துருக்கறை தெரிந்தால், பூச்சு வேலைக்கு முன் குழாயை மாற்றிவிடுவதே நல்லது. டைல்ஸ் ஒட்டிய பிறகு அதை உடைக்கும் வேதனை வேண்டாம்.

வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

கசிவை அடைத்த பிறகு சுவர் காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அரை மீட்டர் சதுரமான கனமான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளியில்லாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை வெளியே விடுகிறது. வெளிப்பக்கம் மட்டும் துளி இருந்தால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம். சுவர்மேல் பழி போடாதீர்கள்.

என் சுவரில் இருப்பது சிமெண்ட் பூச்சா, ஜிப்சமா, சுண்ணாம்பா?

ஒரு மூலையில் சிறிது கொத்திப் பாருங்கள். சாம்பல் நிறம், மணல் தெரியும், சுத்தியலுக்கு எளிதில் வளைந்துகொடுக்காது என்றால் சிமெண்ட். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, மாவுபோல நைசாக, நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவு மெதுவாக இருந்தால் ஜிப்சம். பழைய கட்டடம், தடித்த சுவர், பழுப்பு கலந்த வெள்ளையில் மணலோ நாரோ கலந்து உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து.

ஜிப்சம் பூச்சின் மேல் ஷவர் டைல்ஸ் ஒட்டலாமா?

ஷவர் நனைக்கும் இடத்தில் என்னைக் கேட்டால் வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

காரணம் மூன்று. ஜிப்சம் தண்ணீரில் இளகும். தொடர்ந்து நனைந்தால் வலு போய்விடும். அடுத்தது எடை. ஜிப்சம் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ வரைதான் தாங்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதில் பசையும், டைல்ஸின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் அடக்கம். 10 மில்லிமீட்டர் போர்சலின் டைல்ஸ் மட்டுமே 20 கிலோவைத் தாண்டிவிடும்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். சிமெண்ட் கலந்த டைல் பசை ஈரத்தோடு அதன்மேல் நேராகப் பட்டால், சிமெண்ட்டில் உள்ள அலுமினேட்டும் சல்பேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும் படிகம். பசைக்கும் பூச்சுக்கும் நடுவில் அது வளர்ந்தால், பசை கெட்டியாகவும் பூச்சு கெட்டியாகவும் இருக்க, இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும். தண்ணீர் படாத சுவரில் ஜிப்சத்தை வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கென்று உள்ள அக்ரிலிக் ப்ரைமரை அடித்து, காய்ந்த பிறகே பசை போடுங்கள். மர வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அது மறுபடி இளகிவிடும். டைல்ஸுக்கு அடியில் அது வேண்டவே வேண்டாம்.

வால்புட்டி வைத்துக் குழிகளை நிரப்பலாமா?

கூடாது. புட்டி பெயின்ட்டுக்கானது. ஏற்கெனவே அடித்திருந்தாலும் சுரண்டி எடுங்கள்.

பழைய பெயின்ட் உறுதியாகத்தானே இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டுமா?

பெயின்ட்மேல் ஒட்டினால் டைல்ஸின் பிடி பெயின்ட்டின் பிடியோடு முடிந்துவிடும். கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். எவ்வளவு உறுதி என்று தெரிந்துவிடும். ஷவர் பகுதியில் டேப்போடு எதுவும் வராவிட்டாலும் நான் தேய்த்து எடுத்துவிடுவேன், எனாமல் பெயின்ட்டாக இருந்தால் கட்டாயமாக. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரமாக்கிச் சுரண்டுங்கள்.

சரி, பெயர்ந்த இடத்தை எப்படிப் பூசுவது?

சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளி, நேர்கோடாக வெட்டிச் சதுரமாக்குங்கள். கட்டரில் வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும். அக்கம்பக்கத்து நல்ல பூச்சும் அதிராது. மின்வயரும் குழாயும் எங்கே போகின்றன என்று முதலில் பார்த்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுங்கள். ஓரம் செங்குத்தாக இறங்க வேண்டும். சரிந்து மெலிந்துபோகும் ஓரத்தில் புதுப் பூச்சு காகிதம்போலப் படியும், முதலில் அதுதான் உரியும்.

உள்ளே செங்கல் தெரியும்வரை கொத்துங்கள். கல்லுக்கு இடையில் உள்ள சாந்தையும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். புதுப் பூச்சுக்கு அதுதான் பல்பிடி. அப்புறம் தூசி. கம்பி பிரஷ், சாதா பிரஷ், கடைசியாகத் தண்ணீர். தூசி மேல் பூசுவதும் கோலப்பொடி மேல் பூசுவதும் ஒன்றுதான்.

முதல் நாள் மாலையே கல்லை நன்றாக நனைத்துவிடுங்கள். பூசும்போது கல் உள்ளே ஈரமாகவும், மேலே தண்ணீர் மினுங்காமலும் இருக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். சொட்டச்சொட்ட நனைந்த கல்லில் சாந்து வழுக்கும்.

அடுத்தது பிடிப்புப் பூச்சு. எஸ்பிஆர் லேட்டக்ஸில் (பால்போல இருக்கும் செயற்கை ரப்பர் திரவம்) சிமெண்ட்டைக் குழைத்து, கூழ் பதத்தில் பிரஷ்ஷால் தேய்த்து அடிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இந்தக் கூழ் பிசுபிசுப்பாக இருக்கும்போதே சாந்து அதன்மேல் ஏற வேண்டும். அடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்த் திரும்பி வந்தால், காய்ந்து வழுவழுப்பான தோலாகி நிற்கும். அந்தத் தோல்மேல் சாந்து ஒட்டாது. இல்லாமலே இருந்திருந்தால் தேவலை என்றாகிவிடும். ஒரு முறை பூசும் அளவுக்கு மட்டும் அடித்துக்கொண்டு முன்னேறுங்கள்.

சாந்து ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல். ஒரு தடவையில் 12 முதல் 15 மில்லிமீட்டர் போதும். குழி அதைவிட ஆழம் என்றால் இரண்டு தடவையாகப் பூசுங்கள். முதல் பூச்சு இறுகும் முன் அதில் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, நன்றாக இறுகிய பிறகு அடுத்ததைப் போடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவராகவோ மெதுவான செங்கல்லாகவோ இருந்தால் இந்தக் கலவை முரடு. பின்னால் இருப்பதைவிட முன்னால் பூசுவது கெட்டியாக இருந்தால், சுருங்கும்போது பின்னதையும் இழுத்துக்கொண்டு வரும். அங்கே சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலக்கலாம்.

கடைசியில் மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் பலகை) தேய்த்து, சொரசொரப்பாகவே விட்டுவிடுங்கள். இதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வழுவழுவென்று முடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கும். சொல்லாவிட்டால் சிமெண்ட் தூவிக் கண்ணாடிபோல இழுத்துவிட்டுப் போய்விடுவார். டைல்ஸ் ஒட்டும் சுவருக்கு அந்த அழகு ஆகாது.

பூசிய பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். சிமெண்ட் பூச்சு காயும்போது சுருங்கும்; மயிரிழை விரிசல்கள் விழ வேண்டுமானால் டைல்ஸ் ஏறுமுன் விழுந்துவிடட்டும். அவசரம் என்றால், சீக்கிரம் இறுகும் ரெடிமிக்ஸ் பூச்சுகள் இருக்கின்றன. பையில் போட்டிருக்கும் நாள்கணக்கை அப்படியே பின்பற்றுங்கள்.

விரிசல்களை என்ன செய்வது?

மயிரிழை விரிசல் கவலைப்பட வேண்டியதில்லை. கொஞ்சம் அகலமானதை 'வி' வடிவில் பிளந்து, தூசி தட்டி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்புங்கள். ஆனால் அது ஆடாத விரிசல்தானா என்று தெரிய வேண்டும். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டு வையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்திருந்தால் டைல்ஸை மறந்துவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெடுக்காக விழும் விரிசல் வேறு சாதி. இரண்டும் சூட்டிலும் குளிரிலும் வேறுவேறு அளவில் நீளும், சுருங்கும். அந்த இணைப்பின் இருபுறமும் ஒரு சாண் போகும்படி வலையை வைத்துப் பூச வேண்டும். சிமெண்ட்டின் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை வலை என்றால் துருத் தொல்லையும் இல்லை.

சுவர் எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும்? பசையைத் தடிமனாகப் போட்டுச் சரிக்கட்ட முடியாதா?

இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. டைல்ஸ் பெரிதாகப் பெரிதாக இதில் கறார் கூடும். தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தையும், மூலைமட்டம் வைத்து மூலையையும் பாருங்கள். மூலை கோணலாக இருந்தால் கடைசி வரிசை டைல்ஸ் ஆப்புபோல வெட்டுப்படும். தினமும் குளிக்கும்போது கண் அங்கேதான் போகும்.

பசையைத் தடிமனாக அப்பினால் காயும்போது ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் அளவு சுருங்கி டைல்ஸை உள்ளே இழுக்கும். பள்ளத்தைச் சாந்தால் முன்பே நிரப்பி, அது இறுகிய பிறகு ஒட்டுங்கள்.

பூசுவதற்குப் பதில் போர்டு அடித்துவிடலாமா?

தாராளமாக. சுவர் ரொம்ப மோசமாக இருந்தால் அதுவே சுலபம். சிமெண்ட் போர்டாக இருக்கட்டும், துருப்பிடிக்காத திருகு போடுங்கள், இணைப்புகளில் வலை டேப் வைத்துப் பசையால் பூசுங்கள். பச்சை அட்டை போட்ட ஜிப்சம் போர்டு ஈரக்காற்றைத் தாங்கும், ஷவர் தண்ணீரைத் தாங்காது. இன்னொன்று: சிமெண்ட் போர்டு தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரை விடும். அதன்மேலும் வாட்டர்ப்ரூஃபிங் வேண்டும்.

டைல்ஸே தண்ணீரை நிறுத்திவிடுமே, தனியாக வாட்டர்ப்ரூஃபிங் எதற்கு?

டைல்ஸ் நிறுத்தும், கிரவுட் நிறுத்தாது. சாதாரண சிமெண்ட் கிரவுட் தண்ணீரை மெதுவாக உறிஞ்சும். மூலையில் விரிசல் விட்டால் நேராகவே விடும். எபாக்ஸி கிரவுட் இதில் மேல். ஆனால் அதை நம்பிப் பின்னால் உள்ளதை விட்டுவிட முடியாது. டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் வரத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே சுவரைத் தயார்செய்யுங்கள்.

டைல்ஸுக்கு அடியில் போடத் தகுந்தது என்று பையில் எழுதியிருக்கும் பூச்சாக வாங்குங்கள். சிமெண்ட்டும் பாலிமரும் கலக்கும் இரண்டு பாக வகை, ரப்பர்போலக் காயும் திரவ வகை, இரண்டும் நல்லவைதான். கறுப்புத் தார்ப்பூச்சு மட்டும் வேண்டாம், அதில் டைல் பசை பிடிக்காது.

முதலில் மூலைகள். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் இடமெல்லாம் வாட்டர்ப்ரூஃபிங் துணி டேப்பை ஈரப்பூச்சில் பதித்து, மேலே மறுபடி பூசுங்கள். சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தில் அதற்கான வளையத் துணியைப் போடுங்கள். பிறகு முழுப் பரப்புக்கும் இரண்டு பூச்சு. முதலாவது கிடையாக என்றால், அது காய்ந்தபின் இரண்டாவது நெடுக்காக. ஷவர் தலைக்கு மேலே வரை ஏற்றுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் தெறிக்கும் எல்லைக்கு வெளியேயும் ஓரடி போகட்டும். தரை முழுவதும் பூசி, மற்ற சுவர்களில் 15 சென்டிமீட்டராவது மேலேற்றுங்கள்.

காய்ந்தபின் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணிநேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்காமல், கீழ்த்தளத்தில் ஈரம் தெரியாமல் இருந்தால் மேலே போகலாம். இதற்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சிமெண்ட் பாலில் ஒட்டலாமா, டைல் பசைதான் வேண்டுமா?

போர்சலின் டைல்ஸ் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் அதில் பிடிக்காது. வாட்டர்ப்ரூஃபிங் மேலும் அதே கதை. ஐஎஸ்ஓ 13007 தரக்குறிப்பில் சி2 என்று போட்ட பசையை வாங்குங்கள். சி1 வகைக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் பிடிப்பு போதும், சி2 வகைக்கு 1 நியூட்டன் வேண்டும். கூடவே டி என்றிருந்தால் சுவரில் வழுக்கி இறங்காது. எஸ்1 என்றிருந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், போர்டு சுவருக்கு நல்லது. டப்பாவில் குழைத்தே வரும் பசை ஷவருக்குச் சரிப்படாது. வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் போர்சலினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அது காயவே மாட்டேன் என்கும்.

கொத்தும்போது கவனிக்க வேண்டியது?

முகக்கவசம், கண்ணாடி, கையுறை. சிமெண்ட், செங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் கவசமாக இருக்க வேண்டும். வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்துவிடுங்கள். சாந்துக்கட்டி உள்ளே விழுந்து இறுகினால் அது தனி வேலை.

சுவர் தயார். நன்றாக ஒட்டுகிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

இரண்டாவது டைல்ஸை ஒட்டிய கையோடு நெம்பி எடுத்து முதுகைப் பாருங்கள். ஷவர் பகுதியில் 95 சதவீதமாவது பசை பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் முறையில் இது வரவே வராது. உருண்டைகளுக்கு இடையிலுள்ள சந்தில் தண்ணீர் தேங்கும். கரண்டியின் கோடுகள் நசுங்காமல் அப்படியே தெரிந்தால் பெரிய பல் உள்ள கரண்டிக்கு மாறுங்கள், அல்லது டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவிக்கொண்டு ஒட்டுங்கள். சுவரில் உள்ள பசை மேலே தோல் கட்டியிருந்தால் வழித்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்படியே மூன்றாவது வரிசையில் ஒன்று, ஏழாவதில் ஒன்று என்று இடையிடையே எடுத்துப் பாருங்கள். வேலையாள் முறைப்பார், பரவாயில்லை.